பொரித்த எண்ணெயில் ஓடிய வேன்

நான் மாத்தளைக்குக் கிட்ட, றத்தோட்டைப் பக்கம் தையல் மெசின் வைத்துப் பிழைக்கிறவள். போன வாரம் ஒரு பிள்ளை தன் தம்பியின் பழைய ஜீன்ஸைக் கொண்டுவந்து, முழங்காலோடு வெட்டிக் கட்டைக் காற்சட்டையாக்கித் தரச் சொன்னாள். வெட்டினேன். விழுந்த கால்துண்டுகளைக் குப்பைக்குப் போடப் போன கை, போடாமல் ஒன்றை எடுத்து, ஒரு முனையை மடித்து, இரட்டைத் தையல் ஓடவிட்டு மூடிவிட்டது. நீளமான ஒரு பை. நான் யோசித்துச் செய்ததல்ல. கையே செய்தது.

"அக்கா, அது எதுக்கு?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

"சும்மா" என்றேன்.

அவள் போன பிறகு பையை மூக்கருகே கொண்டுபோனேன். சோப்பு வாசம்தான் வந்தது. வேறென்ன வரும்? ஆனாலும் கருகின மீன் ரோல்ஸ் வாசமும் லாம்பெண்ணெய் வாசமும் வருமென்று கொஞ்ச நேரம் மோந்துகொண்டே இருந்தேன். யாராவது பார்த்திருந்தால் எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த மாதிரிப் பைகளில்தான் நாங்கள் எங்கள் வேனுக்கு டீசல் வடித்தோம். டீசல் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கடைகளில் வடை, ரோல்ஸ் பொரித்துக் கழித்த எண்ணெயும், கராஜில் வண்டிகளிலிருந்து இறக்கிய கறுப்பு ஒயிலும், குப்பிவிளக்குக்கு ஊற்றுகிற லாம்பெண்ணெயும் சேர்ந்த ஒரு திராவகம் அது. நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன அந்த வருஷம் உங்களுக்கும் மறந்திருக்காது. டொலர் இல்லை, கப்பல் வந்தாலும் இறக்கக் காசில்லை என்று டீவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரிவாயு இல்லை, பால்மா இல்லை, கரண்ட் வந்து வந்து போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வருஷம் ஒவ்வொரு மாதிரி வந்தது. எங்கள் வீட்டுக்கு அது டீசலாக வந்தது.

வேன் என் வீட்டுக்காரருடையது. சாம்பல் நிறம். ஒரு கதவு மட்டும் வெள்ளை, ஏனென்றால் அது வேறொரு வேனின் கதவு. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் கல்யாணம், காதுகுத்து, வஹகோட்டைத் திருவிழா என்று கிடைக்கிற ஓட்டமெல்லாம் ஓடும். சீட்டுக்கு உறை தைத்தது நான். சிவப்பில் மஞ்சள் பூப்போட்ட துணி. "கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி இருக்கு" என்று இவர் முறைத்தார். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது.

அந்த வேனின் ஜன்னலோர சீட் என் அக்காவுடையது. புஷ்பம் என்று பேர். அம்மா சின்ன வயதில் போய்விட்டதால், தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். படிப்பு எனக்கு ஏறவில்லை என்றதும், கோபித்துக்கொள்ளாமல் தையலுக்கு அனுப்பினாள். குரல் பெரிது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஏதாவது ஏறுக்குமாறாகச் சொன்னால், பின்வரிசையிலிருந்து அவள் குரல்தான் முதலில் வரும். கல்யாணம் கட்டவில்லை. கேட்டால், "ஒனக்கே நான் ஒரு மாமியாரா ஆகிட்டேன், எனக்கு எதுக்கு இன்னொருத்தி?" என்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் எங்களோடுதான் இருந்தாள். திட்டுகிற வேலை முழுவதும் அவளுடையது.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. வாரத்தில் இரண்டு முறை கண்டிக்குப் போய் மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். "ரத்தம் அலசப் போறேன்" என்பாள், ஏதோ ஆற்றுக்குத் துணி கொண்டுபோகிறவள் மாதிரி. ஊசி ஏற்றுவதற்காக அவளுடைய இடக் கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே ஒரு மெசின் ஓடுகிற மாதிரி நடுங்கும். சில பகல்களில் அவள் தூங்கும்போது நான் அதில் விரலை வைத்துப் பார்ப்பேன். ஓடுகிறது என்றால் எனக்கு நிம்மதி.

அந்த நோய்க்காரர்களுக்கு மருந்தைவிடக் கொடுமை தாகம். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாததால், அளந்துதான் குடிக்க வேண்டும். ஒரு சின்னக் கோப்பைத் தண்ணீரை அக்கா காலையிலிருந்து பகல்வரை வைத்து நாக்கை நனைத்துக்கொள்வாள். இதில் அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். ஹீன்பண்டா மாமா. லக்கல பக்கத்துச் சிங்களக் கமக்காரர், வயலும், காட்டை வெட்டிப் பயிரிடுகிற சேனையும் உள்ளவர். அவருக்கும் அதே நோய், அதே நாள், பக்கத்துப் பக்கத்து மெசின். ஆஸ்பத்திரியில் பழகி, பிறகு எங்கள் வேனிலேயே வரத் தொடங்கினார். லக்கலயிலிருந்து பஸ் குறைவு. அதனால் முதல் நாளே மலையேறி இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வெறுங்கையோடு வந்ததே இல்லை. குரக்கன் மா, சோளம், இல்லாவிட்டால் ஒரு பூசணிக்காய். யானை மிச்சம் வைத்தது என்று சொல்லித்தான் தருவார். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பாய் அவருக்கென்றே இருந்தது. அவரும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, குளிர்ந்த இளநீரைப் பற்றிச் சிங்களத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டைப் பற்றிக்கூட அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வரிசைகள் தொடங்கியபோது முதலில் எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இவர் வேனைக் கொண்டுபோய் மாத்தளையில் எண்ணெய் அடிக்கிற செட்டுக்கு முன்னால் வரிசையில் விட்டுவிட்டு வருவார், பிறகு போய்ப் பார்ப்பார். பிறகு வரிசை வளர்ந்தது. வேனை விட்டுவிட்டு வர முடியாமல் போனது. இருக்கிற துளி டீசலையும் எரிக்காமல், வரிசை நகரும்போதெல்லாம் வண்டியைக் கையால் தள்ளினார்கள். கண்ணாடிகளில் சட்டை காய்ந்தது. நான் சோறு கட்டிக்கொண்டு போவேன். எண்ணெய் ஏற்றிய பவுசர் வருகிறது என்பார்கள், வராது. வந்தால் பாதி வரிசையில் தீர்ந்துவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். இவர் தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், யாரோ மாதிரி இருந்தார். ஒரு நாள் சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு, "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் கண்டியில் இருந்திருக்க வேண்டிய நாள். பஸ்ஸும் ஓடவில்லை.

ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. கால் வீங்கியது. முகம் வீங்கியது. பிறகு படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு இழுக்கிற மாதிரி மூச்சு இழுத்தாள். அம்புலன்ஸ் வந்தது, கொண்டுபோனது, பிழைத்தாள். ஆனால் அம்புலன்ஸ் என்பது சாகக் கிடக்கிறவர்களுக்கு. வாரம் இரண்டு முறை ஒவ்வொரு நோயாளியும் கூப்பிட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? அவர்களுக்கும் டீசல்தானே வேண்டும்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு இவர் வேனை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார். அத்தனை நாள் தள்ளிக் கொண்டுபோன இடத்தை விட்டுவிட்டு, நேரே ரஸீன் நானாவின் கராஜுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

ரஸீன் நானா மாத்தளைச் சோனகர். வாப்பா காலத்திலிருந்து அந்த இடத்தில் கராஜ். சாதாரணமாகவே குறைவாகப் பேசுகிறவர். கழித்த எண்ணெயில் வேனை ஓட்டலாமா என்று இவர் கேட்டதும், கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் வேனைப் பார்த்தார்.

"ஏலாது தம்பி. ஓடும், ஓடாதுன்னு சொல்ல மாட்டேன். டீசல் பம்ப் போயிடும். போனா இப்ப இந்த நாட்டுல மாத்திப் போடச் சாமான் இல்ல."

"எத்தன நாளைக்கு ஓடும்?"

"அத அல்லாஹ்தான் சொல்லணும்."

"அக்கா போன தடவ போகல நானா" என்றேன் நான். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவருக்கு அக்காவைத் தெரியும். கராஜ் வாசலில் வேன் நின்றால், உள்ளே இருந்தபடியே அவரிடம் வேலை சுணக்கம் என்று சத்தம் போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

அவர் பெருமூச்சு விட்டு உள்ளே போனார். கழிவு ஒயில் நிரம்பிய ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுல கொஞ்சந்தான் சேர்க்கணும். இரும்புத் தூள் இரிக்கி, பம்ப அரம் மாதிரி தின்னும். பொரிச்ச எண்ணெய் தேடுங்க. அத இளக்க லாம்பெண்ணெய் வேணும், அது இல்லாம ஒண்ணும் செய்யாதீங்க. தேங்காய் எண்ணெய் குளிருக்கு ஒறையும், ஞாபகம் வெச்சுக்கோங்க."

பொரித்த எண்ணெய் தேடிய கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இப்போது எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. சாதாரண நாளில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் போனாலும் வாளி வாளியாகக் கிடக்கும். அந்த வருஷம் எரிவாயு இல்லாமல் கடைகளே பாதி மூடிக் கிடந்தன. திறந்திருந்த கடைகளிலும் எண்ணெய் விலைக்கு, ஒரே எண்ணெயைக் கறுக்கக் கறுக்கப் பொரித்தார்கள். கழித்து ஊற்றுவதற்கு மனம் வந்தால்தானே. நான் கேனைத் தூக்கிக்கொண்டு மாத்தளைத் தெருவில் கடை கடையாகப் போய், "கழிச்ச எண்ணெய் இருக்கா?" என்று கேட்டேன். ஒரு கடையில் சாப்பிட வழியில்லாதவள் என்று நினைத்து ஒரு பொட்டலம் வடை கொடுத்தார்கள். வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். அக்காவுக்குப் பருப்பு வடை கூடாது. நானும் இவரும் தின்றோம்.

லாம்பெண்ணெய்க்கும் வரிசைதான். தோட்டத்து லயங்களில் அக்காவோடு வேலை செய்த பெண்கள் தங்கள் விளக்குக்கு வாங்கியதில் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். "புஷ்பத்துக்குத்தானே" என்பார்கள். அந்த வீடுகளில் அன்றைக்கு விளக்கு எரியாது என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் அடுப்பு. ரஸீன் நானா தந்த, பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாய். மிளகுக்கொடி ஏற்றிய மரங்களில் கழித்த கிளைகள்தான் விறகு. முதலில் எண்ணெயைச் சூடாக்கி அதிலுள்ள தண்ணீரை விரட்ட வேண்டும். தண்ணீர் இருக்கிறவரை எண்ணெய் சடசடவென்று பேசும். பேச்சு அடங்கினால் இறக்கலாம். பிறகு அசையாமல் வைத்திருந்தால், மீன்முள்ளும் மாவும் கருகின மிளகாயும் அடியில் போய்ப் படியும். மேலே தெளிந்ததை மட்டும் குழாயால் இறக்கி, ஜீன்ஸ் பையில் ஊற்றிக் கயிற்றில் தொங்கவிடுவோம். சொட்டுச் சொட்டாக வடியும். முதலில் சீத்தைத் துணியில் வடித்தேன், பின்பு மெல்லிய வொயில் சேலையில். எதுவும் சரிவரவில்லை. ஜீன்ஸ் துணிதான் தாங்கியது. தைக்கக் கொடுத்தவர்கள் வாங்காமல் விட்ட காற்சட்டை எல்லாம் அப்படித்தான் போனது. வடிந்ததில் லாம்பெண்ணெய் கலந்து, கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார் இவர். வெல்லப்பாகு நிறத்தில் தெளிவாக இருந்தால் சரி.

அக்கா பின்வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எனக்கும் வண்டிக்கும் ஒரே வைத்தியமாப் போச்சு" என்றாள் ஒரு நாள். ஹீன்பண்டா மாமாவுக்கு அதைச் சிங்களத்தில் சொல்லிக் காட்டினாள். அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

இன்னொரு நாள் தண்ணீர் கலந்த எண்ணெயொன்று பீப்பாயில் பொங்கிவிட்டது. நுரைத்துக்கொண்டு மேலே வந்து, அடுப்பில் வழிந்து, ஆளுயரத்துக்குத் தீ. விலகுவதற்குள் என் முன்னங்கையில் பட்டுவிட்டது. இவர் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார். அக்கா எழுந்து வந்தாள். அப்போது அவளுக்கு முன்னறையிலிருந்து பின்வாசலுக்கு நடப்பதே பெரிய வேலை. வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எனக்காக நீ வேகாத புள்ள" என்றாள். மெல்லிய குரலில். பெரட்டுக்களத்துக் குரல் எங்கே போனது என்று நான் முதன்முதலில் பயந்தது அன்றைக்குத்தான்.

வேன் ஓடியது. அதைச் சொல்ல வேண்டும். மிச்சமிருந்த டீசலில் எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கிவிட்டு, எங்கள் எண்ணெய்க்கு மாற்றினால், கொஞ்சம் இருமி, வெள்ளையாகப் புகை விட்டுவிட்டு ஓடும். அந்தப் புகையின் வாசம் இருக்கிறதே, ஊரே ரோல்ஸ் பொரிக்கிற மாதிரி. மாத்தளைப் பஸ் நிலையத்தில் நாய்கள் பின்னாலேயே ஓடி வந்தன. ஒரு முறை பொலிஸ்காரர் ஒருவர் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து, "சாப்பாட்டு ஓர்டரா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஹீன்பண்டா மாமா முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, "ஆமாம் மஹத்தயா, ஆனா எங்க ரெண்டு பேருக்கும் சாப்பிடத் தடை" என்றார். பொலிஸ்காரர் அக்காவின் கையில் கட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். பிறகு போகச் சொன்னார். வரிசையில் கிடந்த வண்டிகளையெல்லாம் தாண்டி, அந்த வெறும் ரோட்டில் நாங்கள் மட்டும் கண்டிக்குப் போவோம். அந்த நாட்களில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மழைக்காற்று தொடங்கியது. லயங்களில் லாம்பெண்ணெய் இல்லை. யாருக்குமே கிடைக்கவில்லை. கடைசியாகக் கலந்த எண்ணெய் தடிப்பாக இருந்தது. இவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த நாள் கண்டி நாள். ஹீன்பண்டா மாமாவுக்கு அதற்கு முந்தைய முறை லக்கலயிலிருந்து பஸ் வரவில்லை, தவறிவிட்டது. இந்த முறை பாதி தூரம் நடந்து, பாதி தூரம் யாரோ ஒருவரின் கைட்ராக்டரில் வந்து சேர்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினார்.

காலையில் தூறல். கண்டி ரோட்டில், பலகடுவ ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கியதும் வேன் இழுக்கவில்லை. இவர் கியரை இறக்கினார். வேன் திணறியது, ஒருமுறை உதறியது, நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் இல்லை. பழுப்பு நிறத்தில், ஆறின ஆட்டுக் குழம்பில் மிதக்குமே, அந்த மாதிரிக் கொழுப்பு உறைந்து அடைத்துக் கிடந்தது. விரலால் வழித்து வழித்து எறிந்தார். வேறு ஃபில்டர் போட்டார். கையால் பம்ப் பண்ணினார். கிளப்பினார். ஒருமுறை பிடித்தது. பிறகு உள்ளே ஏதோ ஒடிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அவர் எஞ்சினிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை.

ரோட்டில் வண்டியே இல்லை. நான் நடுரோட்டில் நின்றேன். முதலில் வந்தது ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டி வந்தவர் நல்ல மனுசன். பெற்றோல் கண்டிக்கு முந்தின கட்டுகஸ்தோட்டை வரைக்குத்தான் வரும், அங்கிருந்து ஏதாவது பிடித்துப் போகலாம் என்றார். ஆனால் ஒருவரைத்தான் ஏற்றலாம்.

நான் அக்காவின் தோளைப் பிடித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் மனதில் வேறு யாரும் இல்லை. ஹீன்பண்டா மாமாவும் "நங்கி போகட்டும், நங்கி போகட்டும்" என்று, தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, அவளைத்தான் கைகாட்டினார்.

அக்கா சீட்டை விட்டு அசையவில்லை. "அவரு போன தடவையும் போகல. அவர ஏத்து" என்றாள் என்னிடம்.

"அக்கா, நீ..."

"ஏத்துன்னு சொல்றேன்ல."

அது பழைய குரல். மறுத்துப் பேச முடியாத குரல். நானும் இவரும் மாமாவைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் வைத்து, விழாமலிருக்க என் சால்வையால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டினோம். வளைவில் மறையும்வரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பகல் திரும்பிய பிறகுதான் தம்புள்ளையிலிருந்து ஒரு மரக்கறி லொறி வந்தது. அக்காவை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏற்றினோம். நான் பின்னால் பூசணிக்காய்களின் மேல் உட்கார்ந்து போனேன். ஆஸ்பத்திரியில் அவளுடைய நேரம் எப்போதோ முடிந்திருந்தது. நர்ஸ் ஒருத்தி யார் யாரிடமோ பேசி, கடைசியாகக் கொஞ்ச நேரத்துக்கு அவளை மெசினில் போட்டாள். பக்கத்துக் கட்டிலில் ஹீன்பண்டா மாமா தூங்கிக்கொண்டிருந்தார். நிறம் திரும்பியிருந்தது. அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்கும் கண்ணை மூடச் சொல்லிச் சைகை காட்டினாள்.

ரஸீன் நானா கராஜுக்கு இழுத்துவந்த வேனின் பம்பைக் கழற்றி மேசையில் ஒரு துணி விரித்து வைத்திருந்தார். நான் போனதும், "தங்கச்சி, இதுக்கு மேல ஒண்ணும் ஏலாது" என்றார். கொழும்பில் கேட்டார், புறக்கோட்டையில் தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்டார். ஒரு கடையிலும் இல்லை. முதல் நாளே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கண்டிக்குப் போனது கிடைத்ததைப் பிடித்துத்தான். ஒரு முறை பஸ்ஸில் நின்றுகொண்டு. ஒரு முறை ஆட்டோவில். ஒரு முறை மணல் லொறியில். ஒரு முறை போகவே முடியவில்லை. பிறகு இன்னொரு முறை. அக்கா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தாள். உடம்பு மட்டும் வீங்கிக்கொண்டே போனது. இவர் யார் யாரோ வீட்டுக்கெல்லாம் போய் டீசலுக்குக் கெஞ்சினார். வேனே ஓடாதபோது டீசல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. டீசல் கொண்டுபோனால் ஏற்றிக்கொண்டு போக வண்டிக்காரர் யாராவது சம்மதிப்பார் என்று நினைத்திருப்பார்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருந்தேன். "தண்ணி குடு" என்றாள். வழக்கமான சின்னக் கோப்பையை எடுத்தேன். தலையை ஆட்டினாள்.

"கிளாஸ்ல குடு. முழுசா."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு குடத்தில் மொண்டு, பெரிய கிளாஸ் நிறையக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் குடித்தாள். கழுத்தில் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. அவ்வளவு நாளும் இப்படி ஒரு மடக்குக்காகத்தான் ஏங்கியிருந்தாள் என்று அப்போது தெரிந்தது. கிளாஸை என்னிடம் தந்துவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்றாள். மத்தியானத்துக்குள் போய்விட்டாள். நான் அவளுடைய இடக்கையில் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நடுக்கம் நின்றது எனக்குத் தெரிந்தது.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் டீசல் வந்தது. ஃபோனில் காட்டி எண்ணெய் அடிக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். எங்கள் வேனின் நம்பருக்கும் வாரத்துக்கு இவ்வளவு என்று பங்கு ஒதுக்கி இவருடைய ஃபோனுக்குச் செய்தி வந்தது. ஒவ்வொரு வாரமும் வரும். இவர் அதைப் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைப்பார்.

ஹீன்பண்டா மாமாவுக்குச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. குரக்கன் மா மூட்டையோடு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நங்கி எனக்கு அவ இடத்தத் தந்தா" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு வெளியே போய், முற்றத்தில் நின்ற வேனின் கதவைத் திறந்து, தன் பழைய சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தேத்தண்ணி கொண்டுபோனேன். வேண்டாம் என்றார். இவரும் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் முன்னால் இருந்த மதிலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. வேனைப் பழைய இரும்புக்காரர்கள் வந்து துண்டு துண்டாக வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் கட்டாருக்குப் போனார். அங்கே பெரிய பஸ் ஓட்டுகிறார். பொனட்டைத் திறக்கவே விடமாட்டார்களாம், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்களாம். ரஸீன் நானாவின் கராஜில் இப்போது மகன்தான் கம்பியூட்டரை வைத்துப் புது வண்டி பார்க்கிறார். நானா கதிரை போட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய்ச் செட்டில் பையன்கள் வேலையில்லாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நான் பேசினால், "ஆமாம், என்னா கஷ்டம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். என்னுடைய அடுப்பிடத்தில் இப்போது பக்கத்து வீட்டார் வாழை நட்டிருக்கிறார்கள்.

ஹீன்பண்டா மாமா அறுவடைக்கு அறுவடை வந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு அறுவடைக்கு வரவில்லை. அவருக்கு ஃபோன் இல்லை. ஊர்ப் பேர் மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் தையலை வைத்துவிட்டு, லக்கலப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்து, மலையைத் தாண்டிப் போனேன். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். ஆள் இல்லை. பக்கச் சுவரில் யானை நெல்லுக்காக முட்டிய ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு சாமான் இல்லை, வெளிச்சம் மட்டும் கிடந்தது. முற்றத்தில் புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது.

பக்கத்துச் சேனையில் நின்ற பெண் ஒருத்தி வந்தாள். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும், மகன் குடும்பத்தோடு தம்புள்ளைச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான் என்றும் சொன்னாள். அழுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நின்றேன். அவள் என் பொட்டையும் சேலையையும் பார்த்தாள்.

"நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டாள்.

என்ன சொல்வதென்று தேடினேன். சொந்தமில்லை. ஊரும் இல்லை, சாதியும் இல்லை, பாஷையும் இல்லை.

"ஒரே வேன்ல போன ஆக்கள்" என்றேன்.

திரும்பிப் போகிற பஸ் ஒன்றுதான், விட்டால் இல்லை என்று சொல்லி, அவள் ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்து ஏற்றிவிட்டாள். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. அந்த வேனில் கண்டிக்குப் போனவர்களில் மாத்தளையில் இப்போது இருப்பது நான் ஒருத்திதான் என்பது பஸ் மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.